நூற்று நாற்பத்து மூன்று ஓட்டு

காலை 8.10.

பெல்டன் மில்ஸ் ஊர் அலுவலகத்தின் இரும்பு அறையில், ஓட்டுப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆப்பிள் பெட்டி இருந்தது.

ஐந்து நிமிடம் முன்புவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாநிலப் போலீஸ்காரன் அர்மான் திபோடோ வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டு உள்ளே வந்தான். மறுஎண்ணிக்கைக்காக மெய்ன் மாநிலத்தின் வடக்கே ஊர் ஊராகப் போய் ஓட்டுப்பெட்டிகளை வாங்கி வருவது அவன் வேலை. மற்ற ஊர்களின் பெட்டிகள் முந்தின நாளே வண்டியில் ஏறிவிட்டன. இது கடைசி ஊர். மாலை நான்கு மணிக்கு எல்லாம் தலைநகர் அகஸ்டாவில் மேசைமேல் இருக்க வேண்டும். வண்டியில் நான்கு மணி நேரப் பாதை.

ஊர்ச் செயலர் ஹெஸ்டர் க்ராஸ்பி காபிக் கோப்பையோடு எதிரே வந்தாள். அறுபத்தோரு வயது. வலது தோள் சரியில்லை. வாய் சரியாக இருந்தது.

"வா கண்ணு. இந்த ஊர்ல ஜனங்களுக்கு ஓட்டுப் போடத் தெரியுது, பாத்திரத்தை எடுத்துட்டுப் போகத் தெரியல. தேர்தல் அன்னிக்கு வாசல்ல சாப்பாட்டு மேசை போட்டோம்ல? விட்டுட்டுப் போனதெல்லாம் இன்னும் இரும்பு ரூமுக்குள்ளதான் கிடக்கு. ஃபெர்னோட கேக் தட்டு, சர்ச்சோட காபி அண்டா, வெர்னாவோட மஞ்சள் கிண்ணம். அலமாரியில இடம் பத்தாம ஒண்ணை ஓட்டுப்பெட்டி மேலயே கவுத்து வச்சிருக்கேன். நான் என்ன பாத்திரக் கடையா நடத்தறேன்?"

"என் வண்டிப் பின்சீட்டை வந்து பாருங்க" என்றான் அர்மான்.

 அவளுக்கும் தெரியும். அர்மானின் மனைவி செலீன் மார்ச்சில் இறந்தாள். அதன்பிறகு சுற்றுவட்டாரப் பெண்கள் எல்லாரும் அவனுக்குச் சமைத்து அனுப்பினார்கள். சாப்பிட்டான். பாத்திரங்களைக் கழுவினான். திருப்பித்தான் கொடுக்கவில்லை. கொடுக்கப் போனால் வாசலில் நின்று எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுத்தாளில் சொந்தக்காரியின் பெயர். வண்டி திரும்பும்போதெல்லாம் அவை பின்னால் கலகலத்தன.

ஹெஸ்டர் இடது கையில் கோப்பையைப் பிடித்தபடியே வலது கையால் எண்பூட்டை லேசாகத் திருப்பினாள். 'டக்'கென்றது. கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது.

அலமாரியில் கேக் தட்டும் காபி அண்டாவும் இருந்தன. மூலையில் எண்ணெய்த்துணி போர்த்திய பெட்டி. மேலே ஒரு புடைப்பு. தினமும் பார்க்கும் புடைப்புதான். அவள் துணியை இழுத்தாள்.

ஆப்பிள் பெட்டி. அதன்மேல் கவிழ்த்த தகரப் பேசின், கூரை ஒழுகினால் வைப்பது. பெட்டியின் பக்கவாட்டில் சூடுபோட்ட இரண்டு எழுத்துகள்: எல். சி.

கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

---

அந்த நவம்பரில் மாநிலம் முழுக்க மக்கள் ஐந்து கேள்விகளுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். நான்கு கேள்விகளில் சிக்கல் இல்லை. கேள்வி நான்குதான் இழுபறி: பழைய அணைகளில் ஏல்வைஃப் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவர வழி திறக்க வேண்டுமா? ஆம் என்றது மாநிலம், நூற்று நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில்.

பெல்டன் மில்ஸில் ஆம் இருநூற்றுப் பதினொன்று. இல்லை அறுபத்து நான்கு. வித்தியாசம் நூற்று நாற்பத்தேழு.

தோற்ற தரப்பின் வக்கீல் நீதிபதியிடம் ஓர் உத்தரவு வாங்கியிருந்தார். நான்கு மணிக்கு எந்த ஊரின் பெட்டி மேசைக்கு வரவில்லையோ, அந்த ஊர் ஓட்டே போடவில்லை என்று கணக்கு. பெல்டன் மில்ஸை எடுத்துவிட்டால் கேள்வி நான்கு, நான்கே ஓட்டில் தோற்கும்.

"பூட்டு நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?" என்றான் அர்மான்.

"எனக்கு மட்டும்."

"பெட்டியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"தேர்தல் ராத்திரி. ஊர் நிர்வாகி வெண்டெல் குட்வினும் நானும் தூக்கிட்டு வந்து வச்சோம். முத்திரை போட்டோம். அவரு வீட்டுக்குப் போயிட்டாரு. அப்புறம் பாத்திரத்தையெல்லாம் உள்ள கொண்டுவந்து வச்சு, துணியைப் போத்திப் பூட்டினேன். அதுக்கப்புறம் துணியைத்தான் பாத்தேன், பெட்டியைப் பாக்கலை."

"கதவை உடைச்ச தடம் இல்லை."

"இல்லை." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இருபத்தாறு வருஷம். ஒரு ஓட்டு தப்பினதில்ல. இப்ப நம்பர் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். என்னைக் கூட்டிட்டுப் போறதுன்னா, பூனைக்கு மட்டும் யார்கிட்டயாவது சொல்லிட்டு வந்துடறேன்."

"பூனை இருக்கட்டும். யாரையும் உள்ள விடாதீங்க. பன்னெண்டு மணிக்கு வண்டி கிளம்பணும். பெட்டியோட."

வெளியே வந்தான். அலுவலகத்தை ஒட்டி விவசாயிகள் சங்கக் கூடம். வெள்ளிக்கிழமை விழுந்த பனி கூரைமேலும் வேலிமேலும் விறகடுக்கின்மேலும் அப்படியே உறைந்துகிடந்தது. கூடத்தின் பின்னால், தரையோடு தரையாகக் கிடந்த ஒரு மரப்பலகை மட்டும் கருப்பாகத் தெரிந்தது. அவன் நடந்து போனான்.

---

எல். சி. என்றால் லியோன் சீர். அணைக்காரர். ஊரில் கேள்வி நான்கை வாய்விட்டுத் திட்டியவர். ஆப்பிள் தோட்டமும் அவருக்கு உண்டு. அர்மான் போனபோது அவர் மரத்தில் தொங்கிய மானை உரித்துக்கொண்டிருந்தார்.

"வா திபோடோ! கைது பண்ண வந்தியா, கறி வாங்க வந்தியா?"

"உங்க ஆப்பிள் பெட்டி ஒண்ணு இரும்பு ரூமுக்குள்ள இருக்கு. ஓட்டுப்பெட்டி இருந்த இடத்துல."

லியோன் கத்தியைத் துடைத்தார். சிரிக்கவில்லை.

"என் பெட்டி ஊர் பூரா கிடக்கு. ஆப்பிள் வாங்கின எந்தப் பயலாவது பெட்டியைத் திருப்பித் தந்திருக்கானா? ஒருத்தன் கோழி வளக்கறான் அதுல."

"நீங்க இல்லைன்னுதானே ஓட்டுப் போட்டீங்க?"

"ஆமா. மேடையேறிச் சொன்னேன். நாப்பது வருஷமா அந்த மதகைத் திருப்பறேன். மீனுக்குப் படிக்கட்டு கட்டணுமாம்! என் மூட்டு போய் மூணு வருஷமாச்சு, எனக்கு யாராச்சும் படிக்கட்டு கட்டினானா? ஆனா தோத்தா தோத்ததுதான். திருடித்தான் ஜெயிக்கணும்னா நான் வேற ஊருல பொறந்திருப்பேன்."

"திருடினவன் எங்க மறைச்சிருப்பான்?"

"அதையும் நான்தான் சொல்லணுமா? அரசாங்கம் உனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்குது?" அவர் யோசித்தார். "காட்டுல வைக்க மாட்டான். மான் சீசன், மரத்துக்கு ஒருத்தன் துப்பாக்கியோட குந்தியிருக்கான். குளத்துல போட்டா ஐஸ்ல ஓட்டை தெரியும். புதைக்கவும் முடியாது. இந்த வருஷம் குளிர் முந்திக்கிச்சு. போன வாரம் என் நாய் செத்துப்போச்சு. மண்வெட்டி இறங்கல, கடப்பாரை எகிறுது. சாக்குல சுத்திக் கொட்டகையில வச்சிருக்கேன். வசந்தம் வரட்டும்."

 செலீனை மே மாதம்தான் அடக்கம் செய்ய முடிந்தது. அதுவரை கல்லறைத் தோட்டத்துச் சவக் கிடங்கில், மண் இளகுவதற்காக மற்றவர்களோடு அவளும் காத்திருந்தாள். உறைந்த மண்ணைப் பற்றி அர்மானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லியோன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

"இந்தா, தொடைக்கறி. தாள்ல சுத்தித் தரேன், பாத்திரம் வேண்டாம். உன்கிட்டப் போன பாத்திரம் வராதுன்னு ஊரே சொல்லுது."

---

காலை 10.20.

வெண்டெல் குட்வின் ஊர் நிர்வாகிகளில் மூத்தவர். வீடு அணைக்கட்டுக் குளத்தின் கரையில். கொல்லைப்புறம் தொடங்கி கரை நெடுக வரிசையாக முளைக்குச்சிகள். ஒவ்வொன்றிலும் ரோஸ் நிற ரிப்பன் காற்றில் படபடத்தது.

வெண்டெலின் சட்டையில் 'நான்குக்கு ஆம்' வில்லை இன்னும் குத்தியிருந்தது.

"கேள்விப்பட்டேன்" என்றார். "ஹெஸ்டர் பாவம். வயசாச்சு. வேணும்னே செஞ்சிருக்க மாட்டா. எங்கயாவது மாத்தி வச்சிருப்பா."

"அவங்க மாத்தி வைக்கல."

"அப்ப லியோன். அந்த ஆளு பேசின பேச்சு உனக்குத் தெரியாது."

"முதல்ல சாப்பிடட்டும், அப்புறம் பேசுங்க" என்றாள் வெர்னா, அவர் மனைவி. வெல்லப்பாகும் பன்றிக்கொழுப்பும் போட்டு வெந்த பீன்ஸை ஒரு மஞ்சள் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் பழுப்பு ரொட்டி. "எலும்புதான் மிச்சம் உனக்கு. இது அடுப்புல வெந்தது, சுமாராத்தான் இருக்கும். ஆகஸ்ட் விருந்துக்குச் சங்கக் கூடத்துக் குழியில தணல் போட்டுப் புதைப்போமே, அந்த ருசி வராது."

அர்மான் சாப்பிட்டான். நன்றாக இருந்தது.

"இரும்பு ரூமுக்குள்ள கடைசியா எப்பப் போனீங்க, மிஸ்டர் குட்வின்?"

"தேர்தல் ராத்திரி. பெட்டியை வச்சேன், முத்திரை போட்டேன், வீட்டுக்கு வந்தேன்."

"அதுக்கப்புறம்?"

"வாசல்படியோட சரி. ரூமுக்குள்ள கால் வைக்கலை. நம்பரும் எனக்குத் தெரியாது."

"கரையில என்ன குச்சி?"

"வேலி போடறேன்."

"வேலியா?" வெர்னா சிரித்தாள். "வீட்டு மனைங்க அதெல்லாம். பாஸ்டன்காரங்க வாங்கறாங்களாம், தண்ணியைப் பாத்தபடி..."

"வெர்னா, அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரொட்டி எடு."

அவள் எடுத்தாள். அவன் எழுந்தபோது மிச்சப் பீன்ஸைக் கிண்ணத்தோடு தட்டுப்போட்டு மூடி அவன் கையில் திணித்தாள்.

"ராத்திரிக்குச் சூடு பண்ணிக்கோ. கிண்ணம் பத்திரம். என் மாமியாரோடது. ரெண்டு வாரமா இந்த மனுஷன்கிட்டக் கத்திக் கத்தி இப்பத்தான் வீடு வந்து சேந்துச்சு."

அர்மான் அதைப் பின்சீட்டில் மற்றப் பாத்திரங்களோடு வைத்தான்.

அணை வளைவில் வண்டி திரும்பியதும் எல்லாம் ஒருசேரச் சரிந்தன. அவன் ஓரமாக நிறுத்தி இறங்கினான். மஞ்சள் கிண்ணம் கவிழவில்லை. மேலே தூக்கிப் பார்த்தான். அடியில் ஒட்டுத்தாள்: வெர்னா குட்வின்.

கிண்ணத்தை முன்சீட்டுக்கு மாற்றினான். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு மண்டையில் ரத்தம் ஓடுவது தெரிந்தது.

---

காலை 11.15.

"மிஸஸ் க்ராஸ்பி, ஒரு காபி குடுங்க. குடுத்துட்டு அந்த ரூமைப் பூட்டித் திறந்து காட்டுங்க."

அவள் காட்டினாள். அவன் இரண்டு கேள்வி கேட்டான். இரண்டாவதற்கு அவள் ஒரே சொல்லில் பதில் சொன்னாள். பிறகு அவன் தொலைபேசியில் லியோனையும் குட்வின் தம்பதியையும் வரச் சொன்னான். அவர்கள் வந்தார்கள். கேட்காமலே பாதி ஊரும் வந்தது.

அர்மான் மேசைமேல் ஆப்பிள் பெட்டியை வைத்தான். தகரப் பேசினை வைத்தான்.

"முதல்ல பூட்டு" என்றான். "நம்பர் மிஸஸ் க்ராஸ்பிக்கு மட்டும்தான் தெரியும். அதனால அவங்கதான் எடுத்திருக்கணும். திருடினவர் நம்மை அப்படித்தான் நினைக்க வச்சாரு. மிஸஸ் க்ராஸ்பி, காலையில எனக்கு எப்படித் திறந்தீங்க?"

"நம்பரைப் போட்டுத்தான்."

"ஒரு கையில காபி. இன்னொரு கையால கொஞ்சூண்டு திருப்பினீங்க. முழு நம்பரைப் போடணும்னா நாலு சுத்து சுத்தணும்."

ஹெஸ்டரின் முகம் சிவந்தது. "தோள் வலி. முழுசா சுத்த முடியாது. பூட்டும்போது கடைசி நம்பரை மட்டும் தாண்டி விட்டுடுவேன்."

"திரும்ப லேசா திருப்பினாத் திறந்துக்கும். நீங்க தினம் மத்தியானம் தபாலாபீஸ் போறீங்க. வாசல் கதவையும் பூட்டறதில்ல."

"இந்த ஊர்ல யாரு பூட்டறா?"

"யாருமில்ல. அதனால உங்க கை திரும்பறதை ஒரு தடவை பாத்த யார் வேணும்னாலும் உள்ள போயிருக்கலாம். பூட்டு யாரையும் காட்டிக் கொடுக்காது. இந்த ஆப்பிள் பெட்டியும் கொடுக்காது. லியோன் பேரைப் போட்டு நம்மகிட்டக் காட்டத்தான் இதை வச்சிருக்காரு."

"கேட்டுக்கோங்கடா!" என்றார் லியோன் கூட்டத்தைப் பார்த்து. "அந்தக் கோழி வளக்கறவன், பெட்டியைக் கொண்டாந்து குடு!"

சிரிப்பு எழுந்தது. வெண்டெல் சிரிக்கவில்லை.

"இந்தப் பேசின்தான் எனக்கு உறுத்துச்சு" என்றான் அர்மான். "பெட்டி மேல ஏற்கெனவே ஒரு பாத்திரம் கவுத்திருந்துச்சு. அதையே திரும்பக் கவுத்து வச்சிருந்தா வேலை முடிஞ்சுது. இவரு அதை எடுத்துட்டு, தேடிப் பிடிச்சு ஒரு பேசினை வச்சிருக்காரு. எதுக்கு? மிஸஸ் க்ராஸ்பி, பெட்டி மேல எந்தப் பாத்திரத்தைக் கவுத்தீங்க?"

"மஞ்சள் கிண்ணம்" என்றாள் ஹெஸ்டர். "வெர்னாவோடது."

கூட்டம் வெர்னா பக்கம் திரும்பியது.

அர்மான் கிண்ணத்தை மேசைமேல் வைத்தான்.

"கிண்ணம் துணிக்கு அடியில இருந்துச்சு. துணியைத் தூக்காம அது வெளிய வர முடியாது. தூக்கினா பெட்டி இல்லைங்கறது தெரிஞ்சிருக்கும். அதனால கிண்ணத்தை எடுத்தவரும் பெட்டியை எடுத்தவரும் ஒரே ஆள்தான். மிஸ்டர் குட்வின், தேர்தல் ராத்திரிக்கு அப்புறம் ரூமுக்குள்ள கால் வைக்கலைன்னு சொன்னீங்க. கிண்ணம் எப்படி நடந்து வந்துச்சு?"

  வெர்னா கணவரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை கொண்டுவந்தீங்க" என்றாள் மெதுவாக. "ஹெஸ்டர் குடுத்தான்னு சொன்னீங்க."

"நீங்க பெட்டியைத் தூக்கப் போனீங்க. கிண்ணத்தை எடுத்துக் கீழ வைக்கும்போது அடியில பேரைப் பாத்தீங்க. வீட்ல ரெண்டு வாரத் திட்டு. கையில கிடைச்சதை விட்டுட்டு வர மனசு வரல. ஓட்டைத் திருடலாம், ஆனா அம்மா கிண்ணத்தை அடுத்தவ அலமாரியில விட்டுட்டு வரக் கூடாது. அதான் இந்த ஊர்ப் பழக்கம்."

"எதுக்குய்யா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "இவருதானே மீனுக்காகக் கையெழுத்து வாங்கினாரு?"

"மீன் ஏறணும்னா குளத்துத் தண்ணியை இறக்கணும். கரையில ரிப்பன் கட்டின மனையெல்லாம் சேறைப் பாத்தபடி நிக்கும். ஊருக்கு முன்னாடி ஆம், மனசுக்குள்ள இல்லை."

வெண்டெல் உட்கார்ந்தார். "தோத்துடும்னு நினைச்சேன்" என்றார். "தோத்துடும்னு நினைச்சுத்தான் வில்லையைக் குத்தினேன்."

"பெட்டி எங்கே?" என்று கத்தினாள் ஹெஸ்டர். "எரிச்சுட்டியா?"

"எரிக்கல" என்றான் அர்மான், அவர் பதில் சொல்வதற்குள். "காட்டுல வேட்டைக்காரங்க. குளத்துல ஐஸ். மண்ணு இரும்பு மாதிரி. இந்த ஊர்ல இப்ப மண்வெட்டி இறங்கற இடம் ஒண்ணே ஒண்ணுதான். கல்லு பாவி, சாம்பலும் மணலும் ரொம்பின குழி, மேல பலகை. வெள்ளிக்கிழமை விழுந்த பனி எல்லாத்து மேலயும் இருக்கு, அந்தப் பலகை மேல மட்டும் இல்லை."

லியோன்தான் முதலில் புரிந்துகொண்டார். "பீன்ஸ் குழி!"

கூட்டம் கதவைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. மூட்டுவலிக்காரர் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். பலகையைப் புரட்டினார்கள். சாம்பலை வாரினார்கள். மண்வெட்டி ஒரு சாண் ஆழத்திலேயே உலோகத்தில் மோதியது.

ஹெஸ்டர் மண்டியிட்டுப் பெட்டியின் முத்திரையைக் கையால் துடைத்தாள். எண்ணைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள், வலித்த தோளையும் சேர்த்து.

ஊர் ஆரவாரித்தது.

வெண்டெல் கூடத்துச் சுவரோரம் நின்றார். "எரிக்கத்தான் எடுத்தேன்" என்றார் அர்மானிடம். "முடியல. அதுல பாதியை நான்தான் எண்ணினேன்." பக்கத்து ஊர்க் காவலர் வந்து அவரை அழைத்துப் போனார்.

வெர்னா கிண்ணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "சாட்சிக்கு வேணுமில்ல?" என்றாள். முகம் கல்லாக இருந்தது. "வேலை முடிஞ்சதும் கழுவிக் கொண்டுவா. நீயே கொண்டுவரணும்."

---

பிற்பகல் 3.50.

அகஸ்டாவில் வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். கதவு திறந்தது. சாம்பல் படிந்த கோட்டோடு ஹெஸ்டர் உள்ளே வந்தாள். பெட்டியை நான்கு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மேசைமேல் இறக்கினாள்.

"பெல்டன் மில்ஸ்" என்றாள். "ஓட்டுப் போட்டாச்சு."

வக்கீல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. எண்ணினார்கள். இருநூற்றுப் பதினொன்று, அறுபத்து நான்கு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. மூன்று நாளில் மாநிலம் முழுக்க எண்ணி முடித்தபோது கேள்வி நான்குக்கு ஒரே ஓர் ஓட்டு கூடியிருந்தது. நூற்று நாற்பத்து நான்கு.

மண் இளகியதும் மதகில் வழி வெட்டினார்கள். மே மாதக் கடைசியில் ஏல்வைஃப் மீன்கள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு தண்ணீரே வெள்ளியானது. லியோன் மதகின்மேல் நின்று கத்தினார்: "ஏறுங்கடா தடியன்களா! உங்களுக்காகத்தான் நாசமாப் போனேன்! இடது பக்கம், இடது பக்கம்! கண்ணு தெரியலையா?"

ஹெஸ்டர் கரையில் நாற்காலி போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அர்மான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். பின்சீட்டில் சத்தமே இல்லை. காலையிலிருந்து ஒவ்வொரு வாசலாக நின்றுவிட்டு வந்திருந்தான். எப்படி இருக்கிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். பதில் சொல்லியிருந்தான். மஞ்சள் கிண்ணத்தைக் கடைசியாகக் கொடுத்தான். வெர்னா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து சாப்பிடு என்றாள்.

"பேசாதே, எண்ணறேன்" என்றாள் ஹெஸ்டர். "நூத்தி நாப்பத்தி ரெண்டு. நூத்தி நாப்பத்தி மூணு."

ஒரு மீன் பாறையில் மோதிச் சறுக்கியது. மறுபடி துள்ளியது. விழுந்தது. லியோன் வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் துள்ளலில் அது மேலே ஏறிக் குளத்துக்குள் போனது.

"நூத்தி நாப்பத்தி நாலு!" ஹெஸ்டர் நாற்காலியை உதறிவிட்டு எழுந்தாள். "போதும். இனி எண்ண வேண்டாம். ஜெயிச்சாச்சு."